சட்டப் புத்தகமும் கேஸ் கட்டும்

சட்டக் கல்லூரியில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன வருடம் நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் என் ஆபீசுக்குப் பயிற்சிக்கு வந்தாள். கெட்டிக்காரி. கொலைக்கும் கொலையாகாத மரணக் குற்றத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். மூச்சு விடாமல் ஒப்பித்தாள். நாடா போட்ட ஒரு கேஸ் கட்டை எடுத்து அவள் முன்னால் வைத்து, "எஃப்.ஐ.ஆர். எது, பார்வை மகஜர் எது, காயச் சான்றிதழ் எது, தனித்தனியாக எடுத்து வையம்மா" என்றேன். அரை மணி நேரம் புரட்டிவிட்டு, அழாத குறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

தப்பு அவள் மேல் இல்லை. நான்கு வருடத்தில் ஒரு கட்டைக்கூட யாரும் அவள் கையில் கொடுத்ததில்லை. நாற்பது வருடத்துக்கு முன் கறுப்பு கோட்டு போட்ட முதல் நாள் எனக்கும் இதே கதிதான். குற்றச் சட்டம், விசாரணை முறைச் சட்டம், சாட்சியச் சட்டம் என்று மூன்று தாள்களாகப் பரீட்சை எழுதித் தேறியிருந்தேன். மூன்றும் ஒரே கட்டுக்குள் பின்னிக் கிடக்கும் என்பது சீனியர் திட்டிய பிறகுதான் புரிந்தது. நீங்கள் திட்டு வாங்காமல் தெரிந்துகொள்ள இந்தப் பன்னிரண்டு அறிவுரைகள்.

1. கைடை மூடுங்கள், பேர் ஆக்டைத் திறங்கள்.

சட்டத்தின் மூல வாசகத்தை விட எளிய உரை எதுவும் கிடையாது. திருட்டு என்ற பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தண்டனைச் சட்டத்தில் 378, இப்போது பி.என்.எஸ். 303. அதற்குக் கீழே உள்ள எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலான மாணவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒருவன் அடுத்தவன் நிலத்து மரத்தைக் களவாடும் எண்ணத்தோடு வெட்டுகிறான். மரம் தரையிலிருந்து பிரிந்த கணமே திருட்டு முடிந்துவிட்டது, வண்டியில் ஏற்ற வேண்டியதில்லை. இன்னொருவன் பையில் தீனி வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு நாயை மயக்குகிறான். நாய் அவன் பின்னால் நடக்கத் தொடங்கியதும் குற்றம் முழுமையாகிவிட்டது. மெக்காலே குழு 1837-இல் முதல் வரைவைக் கொடுத்து, 1860-இல் சட்டமாகி, பெயரும் எண்ணும் மாறிய பிறகும் அந்த மரமும் நாயும் அப்படியே இருக்கின்றன. அசையாப் பொருள் எப்போது அசையும் பொருளாகிறது, 'நகர்த்துவது' என்றால் என்ன என்ற இரண்டு பெரிய கேள்விகளுக்கு அவற்றில் பதில் இருக்கிறது.

2. பழைய எண்ணும் தெரிய வேண்டும், புதிய எண்ணும் தெரிய வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் தண்டனைக்கு பி.என்.எஸ்., விசாரணை முறைக்கு பி.என்.எஸ்.எஸ்., சாட்சியத்துக்கு பி.எஸ்.ஏ. என்ற மூன்று புதிய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. 511 பிரிவுகள் கொண்ட தண்டனைச் சட்டம் 358 பிரிவுகளாகிவிட்டது. எனவே 'ஃபோர் ட்வென்டி' இனி வசவாக மட்டும்தான் வாழும். ஏமாற்றுதலுக்கான தண்டனை 318(4)-க்குப் போய்விட்டது. கொலைக்குத் தண்டனை 103. புதிய சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. கொலையாகாத மரணக் குற்றத்துக்குத் தண்டனை சொன்ன 304, இப்போது வழிப்பறிக்காரன் சங்கிலியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் பறிப்புக் குற்றம். பழைய பழக்கத்தில் மனுவில் எண் மாற்றி எழுதினால் என்னாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதற்காகப் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2024 ஜூன் மாதம் நடந்த கொலைக்கு இன்றும் 302-தான். குற்றம் நடந்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதன்படிதான் தண்டிக்க முடியும். அரசியலமைப்பின் 20(1) இதைக் காக்கிறது. புதிய சட்டம் வந்த அன்று நிலுவையில் இருந்த புலனாய்வும் விசாரணையும் பழைய முறைப்படியே தொடரும் என்று பி.என்.எஸ்.எஸ். 531 சொல்கிறது. இன்னும் பல வருடத்துக்கு ஒரே கோர்ட்டில் காலையில் ஒரு சட்டமும் மதியம் ஒரு சட்டமும் ஓடப்போகிறது. மேற்கோள் காட்டும் தீர்ப்புகள் பெரும்பாலும் பழைய எண்ணில்தான் இருக்கின்றன. என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒப்பீட்டு அட்டவணை ஒன்று வைத்திருக்கிறேன். அறுபதைத் தாண்டிய எனக்கே அது வேண்டியிருக்கிறது.

3. குற்றத்தை மொத்தமாக விழுங்காதீர்கள், கூறு போடுங்கள்.

பம்பாய் உயர் நீதிமன்றம் 1876-இல் தீர்ப்பளித்த கோவிந்தா வழக்கை எல்லாக் கல்லூரியிலும் நடத்துகிறார்கள். எத்தனை பேர் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்திருக்கிறீர்கள்? கணவனுக்குப் 18 வயது, மனைவிக்குப் 15. அவளைக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றி, முகத்தில் இரண்டு மூன்று முறை ஓங்கிக் குத்தினான். மூளையில் ரத்தம் கசிந்து அவள் இறந்தாள். கொலை என்றது கீழ் நீதிமன்றம். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளின் கருத்து ஒத்துப்போகாததால் வழக்கு மூன்றாவது நீதிபதி மெல்வில்லிடம் போனது. கொல்லும் எண்ணம் இருந்ததா? அந்தக் காயம் இயற்கையின் வழக்கமான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானதா, இல்லை மரணம் விளைய வாய்ப்புள்ளது மட்டும்தானா? ஆயுதம் உண்டா? அடி எங்கே விழுந்தது? இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, இது கொலையாகாத மரணக் குற்றம் என்று முடித்தார்.

'போதுமானது', 'வாய்ப்புள்ளது' என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் ஒரு மனிதனின் கழுத்து தப்பியது. தீர்ப்பு சரியா தவறா என்று வகுப்பில் சண்டை போடுங்கள். அந்தப் பெண்ணுக்காகவும் யாராவது பேச வேண்டும். ஆனால் கூறுகளை எழுதிவிட்டுச் சண்டை போடுங்கள்.

4. விசாரணை முறைச் சட்டத்தைக் காலண்டரோடு படியுங்கள்.

மாணவர்கள் கொட்டாவி விடும் தாள் இது. வக்கீலுக்குச் சோறு போடும் தாளும் இதுதான். கைதானவனின் தாய் ஆபீசில் வந்து உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "என் பிள்ளை எப்போ வருவான்?" அந்தக் கேள்விக்குப் பதில் தேதிகளில்தான் இருக்கிறது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றமா? கைதுக்குப் பதிலாக பி.என்.எஸ்.எஸ். 35(3)-இன் கீழ் அறிவிப்பு கொடுத்தார்களா என்று பாருங்கள்; அர்னேஷ் குமார் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்புடன் சொன்னது இது.

அடுத்து 187(3). மரண தண்டனை, ஆயுள், பத்து வருடம் அல்லது அதற்கு மேல் சிறை என்ற வகைக் குற்றங்களுக்கு 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் பெயில் உரிமையாகிவிடுகிறது. நீதிபதியின் விருப்பத்தைப் பொறுத்ததல்ல. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கெடு முடிந்த மறுநாள் காலை கோர்ட் திறக்கும்போது உங்கள் மனு மேசையில் இருக்க வேண்டும். மதியம் போகலாம் என்று டீ குடித்துக்கொண்டிருந்தால், அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகி, உரிமை கைநழுவிவிடும்.

5. எஃப்.ஐ.ஆரில் மூன்று நேரங்களைத் தேடுங்கள்.

சம்பவம் நடந்த நேரம், புகார் ஸ்டேஷனுக்கு வந்த நேரம், எஃப்.ஐ.ஆர். நடுவரின் கைக்குப் போன நேரம். மூன்றாவது, அச்சிட்ட படிவத்தில் தனியாகத் தெரியாது. நடுவர் தன் கையால் எழுதிய குறிப்பில் இருக்கும். என் சீனியர் கட்டைப் பிரித்ததும் முதலில் அந்தக் கிறுக்கலைத்தான் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். இரவு பத்து மணிக்குப் புகார் பதிவானதாகச் சொல்லும் கொலை வழக்கின் எஃப்.ஐ.ஆர்., இரண்டு தெரு தள்ளியிருக்கும் நடுவர் வீட்டுக்கு மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தால், நடுவில் என்ன நடந்தது?

தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் போன துலியா காளி வழக்கைப் (1972) படியுங்கள். காவல் நிலையம் இரண்டு மைல் தூரம். புகார் போனதோ 20 மணி நேரத்துக்கு மேல் கழித்து. அந்தத் தாமதம் விளக்கப்படாததால் எதிரிக்கு விடுதலை கிடைத்தது. கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்ற லலிதா குமாரி தீர்ப்பையும் (2013), மூன்று முதல் ஏழு வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் தரும் புதிய 173(3)-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அடுத்த பத்து வருடத்துச் சண்டை அந்த இடத்தில்தான்.

6. போலீசிடம் சொன்ன ஒப்புதலில் எது உள்ளே வரும், எது வராது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய சாட்சியச் சட்டத்தின் 25, 26, 27 மூன்றும் பி.எஸ்.ஏ. 23-இல் ஒன்றாகிவிட்டன. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அதன் காரணமாக ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். மதராஸ் உயர் நீதிமன்றத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன புலுகுரி கோட்டய்யா வழக்கு இதற்கு அடிப்படை. 'ஈட்டியை இந்த இடத்தில் ஒளித்து வைத்தேன், எடுத்துத் தருகிறேன்' என்பது செல்லும். 'அந்த ஈட்டியால்தான் குத்தினேன்' என்பது செல்லாது. பொருள் அங்கே இருப்பது அவனுக்குத் தெரியும் என்பது வரைதான் நிரூபணம். ஒரு வாக்குமூலத்தை நகல் எடுத்து, செல்லும் பகுதிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுப் பழகுங்கள். பத்து வாக்குமூலம் அப்படிச் செய்தால் இந்தப் பிரிவு சாகும்வரை மறக்காது.

7. சினிமா கோர்ட்டை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

'பராசக்தி' வந்த 1952-இலிருந்து நம் ஊரில் எதிரிக் கூண்டு என்றாலே நீண்ட வசனம்தான். நிஜத்தில் எதிரி பேசும் கட்டம் வேறு மாதிரி இருக்கும். அரசுத் தரப்பு சாட்சிகள் முடிந்ததும் பி.என்.எஸ்.எஸ். 351-இன் கீழ், பழைய 313, நீதிபதி கேள்வி கேட்பார். சத்தியப் பிரமாணம் கிடையாது. "அரசுத் தரப்பு முதல் சாட்சி இப்படிச் சொல்கிறார், என்ன சொல்கிறாய்?" "பொய்ங்கய்யா." "இரண்டாம் சாட்சி?" "பொய்." பல வழக்குகளில் ஒருவனின் மொத்த வசனமும் அந்த ஒரே சொல்தான். பேசாமல் இருந்தாலும் அதற்காகத் தண்டிக்க முடியாது.

வசனத்தால் கதவு திறக்காது என்பதற்குத் திரையுலகமே சாட்சி. 1944-இல் நடந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டார்கள். நாடே கொண்டாடிய குரல் அங்கே உதவவில்லை. பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்கச் சொல்லி, சாட்சியத்தைத் திரும்பப் படித்த பிறகுதான் 1947-இல் விடுதலை கிடைத்தது. காகிதம் காப்பாற்றியது.

8. குறுக்கு விசாரணையில் எங்கே உட்கார வேண்டும் என்று கற்றுக்கொள்ளுங்கள்.

இதை என் செலவில் சொல்கிறேன். ஜூனியராக இருந்த நாளில் ஒரு அடிதடி வழக்கு. சாட்சி ஒரு பாட்டி. சம்பவ இடத்து வரைபடத்தைக் காட்டி, அவர் நின்ற இடத்துக்கும் சண்டை நடந்த இடத்துக்கும் நடுவில் சுவர் இருந்ததை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். தெருவிளக்கு எரியவில்லை என்பதையும் வாங்கிவிட்டேன். அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வெற்றிக் களிப்பில், "அப்புறம் எப்படிம்மா என் கட்சிக்காரர்தான் அடித்தார் என்று சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். பாட்டி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "குரல் தெரியாதா சாமி? நான் தூக்கி வளர்த்த பிள்ளை." பெஞ்ச் கிளார்க்கே சிரித்துவிட்டார்.

பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது, 'எப்படி', 'ஏன்' என்று தொடங்கும் கேள்வியை எதிர்த்தரப்பு சாட்சியிடம் கேட்காதீர்கள். அது அவர் கையில் நாமே கொடுக்கும் மைக். போலீசிடம் சாட்சி கொடுத்த, பி.என்.எஸ்.எஸ். 180-ஆம் பிரிவு வாக்குமூலத்தில் இல்லாத புது விஷயத்தைக் கூண்டில் சொன்னால், அந்த முரண்பாட்டை மட்டும் முறைப்படி பதிவு செய்யுங்கள். புலனாய்வு அதிகாரி வரும்போது அவர் வாயால் உறுதி செய்துவிட்டு உட்காருங்கள்.

9. தமிழை விட்டுவிடாதீர்கள்.

புத்தகமும் உயர் நீதிமன்றத் தீர்ப்பும் ஆங்கிலம். ஆனால் நம் ஊர் நடுவர் நீதிமன்றத்திலும் செஷன்ஸ் கோர்ட்டிலும் சாட்சியம் தமிழில்தான் பதிவாகிறது. ஒரு சாதாரண ஸ்டேஷன் புகாரைப் பாருங்கள்: 'அசிங்கமாகத் திட்டி, கையால் அடித்து, கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார்.' வாய்க்கால் தகராறோ வாடகைத் தகராறோ, ஊர் ஊராக இதே வாக்கியம். ஏன்? மூன்று துண்டுக்கும் மூன்று பிரிவு. பழைய கணக்கில் 294(பி), 323, 506(2). புதிய கணக்கில் 296(பி), 115(2), 351(3). புகார்தாரர் வேறு எதையோ சொல்லியிருப்பார். ஸ்டேஷன் ரைட்டர் பிரிவுக்குத் தகுந்தபடி தைத்துவிடுவார். என்ன வார்த்தை சொல்லித் திட்டினார், அது பொது இடமா, கேட்டவர் யார் என்று புகாரில் இருக்காது. பிரிவின் ஆங்கிலமும் புகாரின் தமிழும் இரண்டும் தெரிந்தவனுக்குத்தான் அந்தத் தையல் கண்ணில் படும்.

10. பிணக்கூறாய்வு அறிக்கையைக் கண்டு அருவருக்காதீர்கள்.

வெட்டுக் காயம், கிழிந்த காயம், சிராய்ப்பு, கன்றிப்போன காயம் நான்கும் என்ன ஆயுதத்தால் வரும் என்று தெரியாமல் குற்ற வழக்கு நடத்த முடியாது. 1952-இல் மதராசை உலுக்கிய ஆளவந்தார் வழக்கில் உடல், மானாமதுரையில் ரயில் பெட்டிக்குள் இருந்த டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. தலை ராயபுரம் கடற்கரை மணலில். இரண்டும் ஒரே மனிதனுடையவை என்று மருத்துவம் நிறுவாமல் அந்த வழக்கில் ஓர் அடி நகர முடியாது. ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 176(3). இனி அந்த அறிக்கையைப் படிக்கத் தெரியாத வக்கீலுக்கு வேலை குறையும்.

11. ரெக்கார்டு நோட்டைக் காப்பியடிக்காதீர்கள்.

ஒரு சிவில், ஒரு கிரிமினல் என இரண்டு வழக்கு விசாரணைகளை நேரில் பார்த்து எழுத வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. மூன்று வருடப் படிப்புக்கு 12 வாரமும் ஐந்து வருடப் படிப்புக்கு 20 வாரமும் பயிற்சி. இருந்தும் சீனியர் மாணவர் எழுதிய நோட்டு வருடாவருடம் கைமாறுகிறது. தேதிகூட மாறாமல் வந்த ஒரு நோட்டை நானே பார்த்திருக்கிறேன். அதில் சாட்சி சொன்னதாக எழுதியிருந்தவர் இறந்து மூன்று வருடமாகியிருந்தது. பரீட்சை விடைக்கும் நேரில் பார்ப்பதே உதவும். கூறுகள், சம்பவம், பிரிவு, தீர்ப்பு, முடிவு என்று அடுக்கி எழுத, நிஜ வழக்கு ஒன்றை முழுதாகப் பார்த்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

12. 'இவனுக்காக நிற்கலாமா?' என்ற கேள்வியை இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாண வீட்டில் உறவுக்காரர் கேட்பார்: "தப்பு செய்தவன் என்று தெரிந்தே எப்படி வாதாடுகிறாய்?" தெரிந்தது வேறு, நிரூபிக்கப்பட்டது வேறு. கோர்ட்டுக்கு இரண்டாவது மட்டும்தான் தெரியும். கோயம்புத்தூரில் குற்றம் சாட்டப்பட்ட சில காவலர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. 2010-இல் முகமது ரஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய தீர்மானங்கள் செல்லாது என்றது. வக்கீல்களோடு மோதிய போலீஸ்காரருக்கும் வக்கீல் உண்டு என்பதுதான் அதன் பொருள். அரசு வழக்கறிஞராகப் போக விரும்புகிறவர்களுக்கும் இதே பாடம்தான். பலவீனமான வழக்கில் தண்டனை வாங்குவது திறமை ஆகாது. பாதிக்கப்பட்டவரின் வழக்கைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கட்டி எழுப்புவதுதான் திறமை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரே ஒரு வேலை கொடுக்கிறேன். வரும் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு உங்கள் ஊர் நடுவர் நீதிமன்றத்துக்குப் போங்கள். கையில் பேர் ஆக்ட் போதும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிடும் ஒவ்வொரு வழக்கிலும் இப்போது நடப்பது எந்தப் பிரிவு என்று எழுதிக்கொண்டே வாருங்கள். முதல் நாள் பாதிகூடப் புரியாது. பத்தாவது நாள் ரிமாண்ட் எது, வாய்தா எது என்று முகத்தைப் பார்த்தே சொல்வீர்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. குற்றவியல் நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்த இடம் என்று பி.என்.எஸ்.எஸ். 366-ஆம் பிரிவு சொல்கிறது. செல்போனை மட்டும் அணைத்துவிடுங்கள்.